தோத்திரம் சொன்ன கிளி

எங்கள் பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில், இப்பங்கின் மூத்த அன்னையருள் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். நடமாட இயலாத அவருக்கு மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்வது என் வழக்கம். வாயிற்படியில் நான் கால் வைத்ததும் முதலில் என்னை வரவேற்பது அவர் வளர்த்த பச்சைக்கிளிதான். “தோத்திரம் சாமி!” என்று அது கூவும். அதன் பின்னர்தான் கட்டிலில் இருந்து அன்னையின் குரல் வரும். இரண்டு குரலும் ஒன்றுபோலவே இருக்கும்.

அடக்கம் முடிந்து பத்து நாள் சென்றபின் அவருடைய மகள் கூண்டும் கையுமாகப் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்தார். “அம்மா குரலிலேயே பேசுதுங்க சாமி. வீட்டிலே யாராலும் கேட்டுக்கிட்டு இருக்க முடியலே. உங்ககிட்டே இருந்தா அம்மா மனசு குளிரும்” என்றார். நான் மறுக்கவில்லை. தாழ்வாரத்து உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கூண்டைத் தொங்கவிட்டேன். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்கள் கொய்யாப் பழமும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிளியும் வருவோர் போவோர்க்கெல்லாம் தோத்திரம் சொல்லி வந்தது. தனியே வாழும் குருவுக்கு வீட்டில் ஒரு குரல் கேட்பது எத்துணை ஆறுதல் என்பதை நான் வெளியே சொல்லவில்லை.

மூன்று மாதம் இப்படிக் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின், வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணியாற்றும் பங்கு இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். 

“சாமி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாதுங்க. பச்சைக்கிளியைக் கூண்டிலே வெச்சிருக்கிறது சட்டப்படி குற்றங்க. வெளியாள் வீடாயிருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன். சாமி வீடுங்கிறதாலே இத்தனை நாளும் வாயைத் திறக்கலே. அதுதான் மனசை உறுத்துதுங்க.”

வாசகர்களே, எனக்கு முதலில் வந்தது வெட்கம் அன்று, சினமே. காட்டில் மரங்களை வெட்டிக் கடத்துவோர் எத்தனையோ பேர் இருக்க, ஒரு கிழவி வளர்த்த கிளியின்மேலா சட்டம் பாய வேண்டும்? கிளி சோதிடர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கூண்டுடன் தெருவில் உட்கார்ந்திருந்த நாடல்லவா இது? இவ்வாறெல்லாம் மனம் வாதாடியது. ஆயினும் அன்றிரவு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது துப்பாக்கி. இச்சட்டமோ அச்சொல்லை விரிவாகப் பொருள் கொள்கிறது. கொல்லுதல் மட்டுமன்று; பிடித்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், இரை காட்டி இழுத்தல், பறவைகளின் முட்டைகளைச் சிதைத்தல், கூடுகளைக் கலைத்தல் ஆகிய யாவும் வேட்டையே. சட்டத்துக்கு மாறாகப் பிடித்து வைக்கப்பட்ட வன உயிர் அரசின் உடைமையாகும். அத்தகைய உயிர் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ அவர் தெரிவித்தல் வேண்டும். நானோ மூன்று மாதம் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுப் பெருமை பாராட்டியிருந்தேன்!

“வெளிநாட்டு லவ் பேர்ட்ஸ்களை எல்லாரும் வளர்க்கிறார்களே, நம் ஊர்க் கிளிக்கு மட்டும் ஏன் தடை?” என்று மறுநாள் அந்த இளைஞரைக் கேட்டேன். அவர் சொன்ன விடை எளியது. அந்தச் சிறு பறவைகள் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்து வளர்பவை. நம் பச்சைக்கிளியோ ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து, இறகு முளைக்கும் முன்னே எடுத்துவரப்படுவது. சந்தைக்கு வந்து சேரும் குஞ்சு நம் கண்ணுக்குத் தெரிகிறது. வழியிலேயே மாண்டுபோன அதன் உடன்பிறப்புகள் தெரிவதில்லை. இதனால்தான் 2023ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில், வீடுகளில் வைத்திருக்கும் கிளிகளைக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்குமாறு வனத்துறை அறிவித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இச்சட்டத்தை மீறுவோர்க்குப் பொதுவாக மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

இவற்றைப் படித்தபோது என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. என் தந்தையிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. இருட்டிய பின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போவார். உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட அந்நாளில் சட்டம் இடம் கொடுத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தந்தான் அந்த வாயிலை அடைத்தது. என் தந்தையிடம் உரிமமும் இல்லை; அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஊர்த் திருநாளுக்கு முந்தைய இரவில் கிடைத்த கறியில் ஒரு பங்கைப் பங்குச் சாமியாருக்குக் கொடுத்தனுப்புவார். அதைத் தூக்குச் சட்டியில் ஏந்திச் சென்றவன் நான்தான். அவரும் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார். எவரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. இன்று அவ்வூருக்குப் போனால் விடியற்காலையில் கௌதாரியின் குரல் கேட்பதில்லை. மேய்ச்சல் நிலங்கள் வீட்டுமனைகளாகிவிட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் அந்தத் தூக்குச் சட்டியையும் கணக்கில் சேர்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இச்சட்டத்தால் துன்புறுவோர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. எங்கள் பங்கிலேயே நிலக்கடலை பயிரிட்ட ஒரு கைம்பெண், ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்ட கொல்லையைக் காட்டி, “பன்றிக்கு இருக்கிற சட்டம் எனக்கு இல்லையா சாமி?” என்று அழுதார். அந்தக் கண்ணீருக்கு முன் வன உயிர்களின் பெருமையைப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. அரசும் இதனை உணராமலில்லை. மனித உயிருக்கோ பயிருக்கோ கேடு விளைவிக்கும் விலங்கைப் பிடிக்கவும், வேறு வழியில்லாதபோது கொல்லவும் ஆணையிடும் அதிகாரத்தைச் சட்டமே உயர் அலுவலர்க்கு அளிக்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதற்கு அனுமதி இல்லை; இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும்.

முடிவு செய்வதை ஒவ்வொருவர் கையிலும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. பன்றிக்கு வைத்த கம்பி யானையை அறியாது. இரவில் வரப்பில் நடந்து வரும் மனிதனையும் அறியாது.

உணவிடுவதைப் பற்றியும் ஒரு சொல். நம் யாத்திரைப் பேருந்துகள் மலைப்பாதையில் நின்றதும், குரங்குகளுக்கு வாழைப்பழமும் முறுக்கும் வீசுவதை நாம் அறச்செயலாகக் கருதுகிறோம். வனத்துறையோ அதைத் தடுத்துப் பலகை வைக்கிறது; அபராதமும் வாங்குகிறது. இது கல்நெஞ்சம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. நீலகிரியில் மசினகுடிப் பகுதியில் ரிவால்டோ என்று பெயரிடப்பட்ட ஒரு காட்டு யானை இருந்தது. துதிக்கையில் காயமுற்றிருந்த அதற்கு மனிதர்கள் இரக்கத்தால் உணவிட்டுப் பழக்கினார்கள். நாளடைவில் அது குடியிருப்புகளையே சுற்றி வந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் சிறையிருந்த பின்னரே, ஆகஸ்டு மாதத்தில் முதுமலைக் காட்டில் அது விடுவிக்கப்பட்டது. கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுத்தது யானை.

குருமடத்தில் விவிலியம் பயின்ற நாளில் இணைச்சட்ட நூலில் ஒரு சிறு கட்டளையைப் படித்துப் புன்னகைத்தது நினைவிருக்கிறது. வழியில் பறவைக் கூடு ஒன்றைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடித்துவிடாதே, தாயைப் போகவிடு என்பது அதன் கருத்து. இத்துணைச் சிறிய காரியத்துக்கும் ஒரு கட்டளையா என்று அன்று தோன்றியது. ஆனால் அதைக் கடைப்பிடிப்போர்க்கு நலமும் நீடிய வாழ்நாளும் வாக்களிக்கப்படுகின்றன. தாய் தந்தையரை மதிப்போர்க்கு அதே நூல் வாக்களிப்பதும் அதுவே. ‘நீ எடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் எடுக்காதே’ என்று மனிதனின் கைக்கு எல்லை வகுத்த அந்தப் பழைய கட்டளையின் நெடுங்காலத் தம்பியாகவே நம் நாட்டுச் சட்டம் எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, அன்னையின் மகளையும் அழைத்துக்கொண்டு வன அலுவலகத்துக்குச் சென்றேன். அலுவலர் கூண்டைத் திறந்து சிறகை விரித்துப் பார்த்தார். நீண்ட இறகுகள் வெட்டப்பட்டிருந்தன. அவை மீண்டும் முளைத்து, அது பறக்கப் பழகிய பின்னரே விடுவிப்பதைப் பற்றி எண்ண முடியும் என்றார். தாமாகவே கொண்டுவந்ததால் எச்சரிக்கையோடு விட்டார். எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து, “தோத்திரம் சாமி!” என்று குரல் வந்தது. அந்த மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கால் எழவில்லை. ஆனாலும் நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு மறையுரையில் இதை மறைக்காமல் சொன்னேன். குற்றவாளி நான்தான் என்பதால் சொல்வது எளிதாக இருந்தது. இரண்டு வாரத்துக்குள் பங்கிலிருந்து நான்கு கூண்டுகள் அந்த அலுவலகத்துக்குப் போயின. உங்கள் வீட்டிலும் பச்சைக்கிளியோ மைனாவோ முனியாக் குருவியோ கூண்டில் இருக்குமானால், அன்பு கூர்ந்து அருகிலுள்ள வன அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பறக்க இயலாத பறவையை நீங்களே வெளியே விட்டுவிடாதீர்கள். அது பூனைக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும்.

தாழ்வாரத்து உத்தரத்தில் கொக்கி மட்டும் இன்னும் இருக்கிறது. மாலையில் பக்கத்துத் தோப்புக்கு அடையப் போகும் கிளிக்கூட்டம் கோவிலுக்கு மேலே கத்திக்கொண்டு பறக்கிறது. தோத்திரம் என்று அவற்றுள் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் நான் செபமாலையை ஒரு நொடி நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறேன்.