இரண்டு புள்ளிகள்

'ஒய் இஸ் ஈக்வல் டு எம்எக்ஸ் ப்ளஸ் ஸி' ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தோடு தொலைந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பத்தாவது படிக்கும் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்கும்வரை. பாடம், நேர்க்கோட்டின் சமன்பாடு. கேள்வி, "இது எதுக்குப்பா?"

1637-ல் கோட்டையும் அல்ஜீப்ராவையும் முடிச்சுப் போட்டுப் புத்தகம் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் தெகார்த்தைப் பற்றி ஆரம்பித்தேன். கொட்டாவி விட்டாள். ஆட்டோவுக்கு மாறினேன்.

2013-ல் அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. (மீட்டர் போட்டவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) இந்த 12-தான் 'எம்', அதாவது சாய்வு. 1.8-ஐ 12-ஆல் பெருக்கினால் 21.60. அதை 25-லிருந்து கழித்தால் 3.40. அது 'ஸி'. ஆக, தூரத்தை 12-ஆல் பெருக்கி 3.40 கூட்டினால் கட்டணம் வந்துவிடும்.

"அப்ப, ஏறி உட்கார்ந்துட்டு உடனே இறங்கிட்டா 3.40 குடுத்தா போதுமா?"

உதை விழும் என்றேன். 1.8-க்குக் கீழே இந்தக் கோடு செல்லாது.

"ரெண்டு புள்ளி தெரிஞ்சா கோடு போட்டுடலாம்னு மிஸ் சொன்னாங்க" என்று வீட்டில் புள்ளி தேடக் கிளம்பினாள். அகப்பட்டது தாத்தாவின் மருத்துவ ஃபைல். ஒவ்வொரு சீட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் எடை எழுதியிருக்கும். என் அம்மா காலமானது அந்த வருஷம் ஜனவரியில். மார்ச்சில் அப்பா 61 கிலோ. ஜூலையில் 55. ஜனவரியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் 2-வது மாதம் 61, 6-வது மாதம் 55. நாலு மாதத்தில் ஆறு கிலோ. சாய்வு, மைனஸ் 1.5. அதே கணக்கில் பின்னோக்கிப் போனால் 'ஸி' 64.

64. அம்மா போன மாதத்தில் அப்பாவின் எடை. அப்போது யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

மகள் ஸ்கேலை வைத்துக் கோட்டைக் கீழே நீட்டினாள். "43-வது மாசம் தாத்தா ஸீரோ கிலோப்பா!"

சிரித்தேன். ஆட்டோ மாதிரிதான், இந்தக் கோடும் அதுவரை செல்லாது என்று விளக்கினேன். எதுவரை செல்லும் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். பெரிதாக ஒன்றுமில்லை. "வேளைக்குச் சாப்பிடறாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நானும் மனைவியும் ஆபீஸிலிருந்து வரும்போது, "நான் சாப்ட்டாச்சு" என்பார். பாத்திரத்தைத் திறந்து பார்த்ததில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அப்பா இளைத்ததைப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து ராத்திரி எல்லோருக்கும் ஒரே பந்தி. அவர் "ஆச்சு" என்றாலும் மகள் கேட்பதில்லை, தட்டை வைத்துவிடுகிறாள்.

செப்டம்பரில் எடை பார்த்தோம். கோட்டின்படி 52 இருக்க வேண்டும். மெஷின் காட்டியது 55.5. மகள் கிராஃப் பேப்பரில் கோட்டுக்கு மேலே, சற்றுப் பெரிதாகவே, ஒரு புள்ளி வைத்தாள்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்ததாம்.