கொசுறு

அதிகாலை மூன்று மணிக்குப் பெங்களூரு வைட்ஃபீல்ட் வீட்டில் அம்மாவின் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். ஆள் நிற்கும் எடைக்கருவிதான். பெட்டியோடு ஒருமுறை, வெறும் ஆளாக ஒருமுறை ஏறிக் கழித்ததில் 15 கிலோவைத் தொட்டு நின்றது. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் அவ்வளவுதான் அனுமதி. உள்ளே அவரைக்காயும் காபித்தூளும். மதுரையில் தங்கை காத்திருக்கிறாள்.

நிறுத்துப் பார்ப்பது அப்பா கொடுத்த பழக்கம். மளிகைக் கடைக்காரர். தராசு முள் நடுவில் நின்ற பிறகும் ஒரு பிடி பருப்பை அள்ளிப் போடுவார். கொசுறு கேட்காத பிள்ளைக்கும் பொட்டுக்கடலை உண்டு.

அவர் ஒரே ஒருமுறை விமானம் ஏறியது பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து. இங்கிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம். கவுன்டரில் பெட்டியை நிறுத்ததைப் பார்த்து, "நம்ம கடை மாதிரியேதான்ப்பா" என்றார். 2008 மே மாதத்தில் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளியின் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. எங்களுக்கு அது நாற்பது கிலோமீட்டர்.

அங்கே இப்போது பெட்டியை நாமே போடலாம். சீட்டை அச்செடுத்துக் கைப்பிடியில் சுற்றி ஒட்டி, பெல்ட்டில் வைத்து, போர்டிங் பாஸைக் காட்டினால் உள்ளே போய்விடும். வைட்ஃபீல்ட் கம்பெனிப் பிள்ளைகள் நிமிராமலே முடித்துவிடுகிறார்கள். வரிசையின் நீளம் பார்த்து இடம் மாறுகிறவர்கள் உண்டு. ஆனால் நான் கவனித்தவரை, எடையில் சந்தேகம் இருப்பவர்தான் ஆளைத் தேடிப் போகிறார். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, முதல் பயணம் என்று கேட்க ஒரு கேள்வி வைத்திருப்பவரும் அப்படியே.

அம்மா இயந்திரங்களைப் பார்த்தாள். கவுன்டரில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். நேரே அவளிடம் போய்விட்டாள். நீண்ட வரிசை. அரை மணி நேரம் நின்றோம்.

15.4 என்று காட்டியது. என் வீட்டுக் கணக்கு பிசகிவிட்டது. "காயை எடுத்துடவா தாயி?" என்று அம்மா பூட்டில் கை வைத்தாள். அந்தப் பெண் தமிழ் பேசவில்லை. அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது.

"பர்வாகில்ல அம்மா" என்று சிரித்தபடி சீட்டைச் சுற்றினாள்.

அந்த நானூறு கிராம் எனக்கு அப்பாவின் கைப்பிடிப் பருப்பாகவே பட்டது. இயந்திரம் கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்கும், அல்லது கவுன்டருக்குப் போகச் சொல்லும். அதற்கு அவ்வளவுதான் முடியும்.

தனியாகப் போகும்போது நானும் இயந்திரத்திடம்தான் போகிறேன். இன்னும் பத்து வையுங்கள். ஆள் உட்காரும் கவுன்டர்களை மட்டும் மூடிவிடாதீர்கள்.