வளர்த்தவர் யார்?

அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில் கொண்டிருக்கிறார். நாய் அவருடைய வாகனம். கோயிலுக்கு வெளியே தெருவில் திரியும் நாய்க்கோ கேட்பாரில்லை. அதையும் ஒருகாலத்தில் எவரேனும் வளர்த்திருக்கக் கூடும். வளர்த்தவர் யாரென்று அறிவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடையாகத்தான் சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு 'மைக்ரோசிப்' பொருத்துவதைக் கட்டாயமாக்கிற்று. அரிசிமணி போன்ற அச்சில்லை ஊசியால் தோளருகே தோலுக்கடியில் செலுத்துகின்றனர். அதில் மின்கலம் இல்லை. ஓடிப்போன நாய் இருக்குமிடத்தை அது சொல்லாது. (சொல்லும் என்றே பலர் நம்புகின்றனர்!) உரிய கருவியை அருகில் பிடித்தால் 15 இலக்க எண்ணொன்று தோன்றும், பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேரே வளர்த்தவர் பெயர் இருக்கும்.

குட்டியாயிருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சியவர், அதற்குச் சொறி கண்டதும் இரவோடிரவாகச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போகிறார். தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வது 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியின் கடமை. இவர் இறக்கிவிட்ட நாயின் செலவும் அங்கேதான் போய்ச் சேருகிறது. அந்த எண் இருந்தால் இவர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.