தாத்தாவின் குளத்துக்கு ஒரு பம்பு

நீச்சல் குளத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கக் கூடாது. நின்றால், மலேசிய வெயிலில் சில நாள்களிலேயே பாசி பிடிக்கும்; குளோரின் குறைந்ததும் கொசு முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால்தான் குளத்தின் ஓரத்தில் ஒரு பம்பு நாள்தோறும் ஓடுகிறது. குளத்து நீரை இழுத்து, மணல் வடிகட்டி வழியாகத் தள்ளி, மீண்டும் குளத்துக்கே அனுப்புவது அதன் வேலை. குளம் உள்ள வீட்டில் மின்சாரத்தை அதிகம் குடிக்கும் சாதனங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும், பழுதாகும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஈப்போவில் ஒரு பழைய பங்களா வீட்டில் அந்தப் பம்பு ஒருநாள் கருகிய வாடையுடன் நின்றுபோனது. வீட்டுக்காரர் லாரித் தொழில் செய்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தினமும் காலையில் அரை மணி நேரம் தண்ணீரில் நடக்கும்படி மருத்துவர் அவருக்குச் சொல்லியிருந்தார். தரையில் பத்து அடி நடந்தால் முகம் சுளிப்பவர், தண்ணீரில் சிரித்துக்கொண்டே நடப்பார். உடலின் எடையில் பெரும்பகுதியை நீர் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு வேலை குறைகிறது.

ஆனால், அவருடைய மகனுக்கு வேறு எண்ணம் இருந்தது. “அப்பா, இந்தக் குளத்தை மண் போட்டு மூடிவிடலாமா? மாதாமாதம் மின்கட்டணமே கழுத்தை நெரிக்கிறது” என்றார். தாத்தா பதில் பேசவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மௌனம் படிவம் நான்கில் படிக்கும் பேத்தியை உறுத்தியது. “அப்பா, மூடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே” என்றாள் அவள்.

கடைக்காரர் இரண்டு பம்புகளைக் காட்டினார். ஒன்று, பழையதைப் போலவே ஒன்றரைக் குதிரைத்திறன் உள்ளது. போட்டால் ஒரே வேகம், அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,850 சுற்று, இல்லையென்றால் ஓய்வு. விலை 1,500 ரிங்கிட். மற்றொன்று, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடியது. விலை 4,000 ரிங்கிட். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திர முத்திரையைப் போல ஏதாவது இருக்கிறதா என்று பேத்தி இரண்டு பெட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிலும் இல்லை. சாதனம் வாங்குகிறவர் தாமே கணக்குப் போட வேண்டிய இடம் இது.

வேகத்தைக் குறைத்தால் ஏன் மின்சாரம் மிச்சமாகிறது? மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்றே தெரியாது; வேகத்தை இருமடங்காக்கினால் மூச்சு வாங்கும். நீரும் அப்படித்தான். பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், ஓடும் நீரின் அளவும் பாதியாகிறது. ஆனால், அதற்குத் தேவையான அழுத்தமோ கால் பங்காகக் குறைகிறது. பாதியைக் கால் பங்கால் பெருக்கினால் எட்டில் ஒரு பங்கு. ஆக, பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு திறன் போதும். இரண்டு மடங்கு நேரம் ஓடினால்தான் அதே அளவு நீர் சுற்றும் என்றாலும், செலவாகும் மின்சாரம் கால் பங்குதான்.

இது ஏட்டுக் கணக்கு. மோட்டாரிலும் மின்னணுப் பலகையிலும் கொஞ்சம் வீணாவதால், நடைமுறையில் இவ்வளவு மிச்சம் கிடைக்காது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குளத்திலிருந்து எடுத்த நீர் குளத்துக்கே திரும்புகிறது, உயரத்துக்கு ஏறுவதில்லை. குழாயின் உராய்வும் வடிகட்டியின் தடையும்தான் பம்புக்கு எதிரிகள். அதனால்தான் இந்த விதி இங்கே பொருந்துகிறது. மொட்டை மாடித் தொட்டிக்கு நீரேற்றும் பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால், தண்ணீர் மேலே போய்ச் சேராமலே நின்றுவிடக்கூடும்.

கடைக்காரர் ஒரு தாளில் கணக்கை எழுதிக் கொடுத்தார். பழைய பம்பு 1.5 கிலோவாட், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடியது, மாதத்துக்கு 360 யூனிட். புதியது பாதி வேகத்தில் 250 வாட். பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 75 யூனிட். ஒரு யூனிட் 50 சென் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், 180 ரிங்கிட் எங்கே, 37 ரிங்கிட் 50 சென் எங்கே! “கூடுதலாகக் கொடுக்கும் 2,500 ரிங்கிட் பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடும், ஐயா” என்றார் அவர். மகன் தலையசைத்தார்.

பேத்தி தலையசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அளவுநாடாவை எடுத்துக் குளத்தை அளந்தாள். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர். பெருக்கினால் 40 கன மீட்டர். அதாவது 40,000 லிட்டர். பழைய பம்பு மணிக்கு 15,000 லிட்டரைச் சுற்றியது. எட்டு மணி நேரத்தில் 1,20,000 லிட்டர். ஒரே நீரை நாளுக்கு மூன்று முறை வடிகட்டியிருக்கிறது! வீட்டுக் குளத்துக்கு நாளுக்கு ஒரு முறை, நம் வெயிலுக்கு அதற்குச் சற்று மேல் சுற்றினாலே போதும். குளிர்காலத்தில் பம்பின் நேரத்தைக் குறைக்கலாம் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். நமக்கு ஆண்டு முழுவதும் கோடைதான்; அந்த அறிவுரை இங்கே செல்லாது.

அதே பழைய வகைப் பம்பை ஐந்து மணி நேரம் மட்டும் ஓட்டினால் 75,000 லிட்டர் சுற்றும். புதிய பம்பு பத்து மணி நேரத்தில் சுற்றுவதும் அதே 75,000 லிட்டர்தான். அப்படியானால், எட்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டது சரியான ஒப்பீடே அல்ல. ஐந்து மணி நேரத்துக்கு மாதத்தில் 225 யூனிட். 112 ரிங்கிட் 50 சென். குளத்தின் அடியில் படியும் அழுக்கை உறிஞ்சவும், வடிகட்டி மணலைக் கழுவவும் புதிய பம்பையும் வாரம் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு மாதம் ஆறு ரிங்கிட். எல்லாம் போக உண்மையான மிச்சம் மாதத்துக்கு 69 ரிங்கிட். 2,500 ரிங்கிட்டை மீட்கப் பதினெட்டு மாதமல்ல, மூன்று ஆண்டுகள் ஆகும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய எண்கள் எல்லாம் சரியானவை. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதைத்தான் அவர் தமக்கு வசதியாக வைத்துக்கொண்டார்.

தாளைப் பார்த்த மகன், “அப்படியென்றால் மலிவானதையே வாங்கிவிடலாமே” என்றார். நியாயமான கேள்வி. ஒரே வேகப் பம்பின் அமைப்பு எளியது. மின்னணுப் பலகை இல்லை. இடி மின்னலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஈப்போவில் பிற்பகலில் இடிக்காத வாரம் அரிது. புதிய பம்பின் பலகை கருகினால், மூன்றாண்டு மிச்சமும் ஒரே நாளில் போய்விடும். இதற்கு நடுவே, அரை அளவுப் பம்பு போதும் என்று பக்கத்து வீட்டார் ஒரு யோசனை சொன்னார். அதில் அடி அழுக்கை உறிஞ்ச வலு போதாது என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். “லாரி வாங்கும்போது விலையை மட்டுமா பார்ப்போம்? பத்து வருடத்துக்கு அது எவ்வளவு டீசல் குடிக்கும் என்று பார்ப்போம். உத்தரவாதம் எத்தனை வருடம், அம்மா?”

“பலகைக்கும் சேர்த்து மூன்று வருடம், தாத்தா. எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.”

“அப்படியானால் முதல் அதற்குள் திரும்பிவிடும். மின்னல் தடுப்புக் கருவி ஒன்று போடுவோம். வித்தியாசப் பணம் என்னுடையது.”

மகன் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தை மூடுவது பற்றி அவர் அதன் பிறகு பேசவில்லை.

வார இறுதியில் புதிய பம்பு பொருத்தப்பட்டது. மழை படாமல் இருக்க, மகனே மேலே ஒரு தகரக் கூரை அடித்தார். பாசி படிந்திருந்த நீரைத் தெளியவைக்க முதல் இரண்டு நாள் முழு வேகத்தில் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் பாதி வேகத்துக்குக் குறைத்தார்கள். சத்தமே கேட்காததால் பம்பு நின்றுவிட்டதோ என்று பாட்டி இரண்டு முறை போய்க் கையை வைத்துப் பார்த்தார். ஆறாம் நாள் காலையில் குளத்தின் அடியிலிருந்த ஓடுகள் தெளிவாகத் தெரிந்தன. பேத்தி மின்மானியில் இருந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு பள்ளிப் பேருந்துக்கு ஓடினாள்.