ஒரு கேம் மேல் வந்த ஆசை

விண்டோஸ் கேமான நியர் ஆட்டோமேட்டாவை லினக்ஸில் ஆடியே தீருவது என்று பிலிப் ரெபோலே உட்கார்ந்து எழுதியதுதான் டிஎக்ஸ்விகே. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வழியாக கேம் வரையச் சொல்லும் ஒவ்வொரு முக்கோணத்தையும் நிழலையும் அது லினக்ஸுக்கும் புரியும் வல்கனுக்கு மாற்றி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும். ஆள் மாறியதே கேமுக்குத் தெரியாது.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993இல் தொடங்கிய வைனோடு டிஎக்ஸ்விகேவையும் சேர்த்து, வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. இன்று லினக்ஸில், வால்வின் கேம் கடையான ஸ்டீமில் ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் பெரும்பாலான விண்டோஸ் கேம்கள் மறுபேச்சில்லாமல் ஓடுகின்றன. 2022இல் வந்த எல்டன் ரிங் விண்டோஸிலேயே திக்கித் திணறியபோது, லினக்ஸில் ஓடும் தன் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் வால்வ் அதைப் பெரிதும் சரிக்கட்டிவிட்டது. விண்டோஸ்காரர்களுக்குக் கொஞ்சம் கடுப்புதான்!

ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட் மட்டும் முழுதாக மசியவில்லை. வேலோரண்ட் கேமின் ஆன்டி-சீட் விண்டோஸின் அடித்தளமான கர்னல் வரை இறங்குவதால், அந்த கேம் லினக்ஸில் வாசலோடு சரி. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்று ஆட்டக்காரர்கள் லினக்ஸ் வழியாக நுழைகிறார்கள் என்று சொல்லி, 2024இல் அதை உருவாக்கியவர்களே லினக்ஸ்காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.