தோலும் கையும்

மருதமுனையில் எமது வீட்டுக்கும் கடலுக்கும் இடையே சில நூறு யார் தூரமே உண்டு. கதவைச் சாத்தினாலும் உப்புக் காற்று உள்ளே வந்தே தீரும். போதாக்குறைக்கு ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை விடாது. "இந்த ஊரில் தோல் சோபா வைத்திருப்பது ஆடம்பரம் அல்லவா?" என்று நண்பரான ஆசிரியர் ஒருவர் எம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது எமக்கு வயது 13. வாப்பாவின் கைத்தறியையும், மாலையில் அவர் சாய்ந்திருக்கும் பிரம்பு நாற்காலியையும், வீட்டின் மூன்று சுவர்களையும் அது கொண்டுபோயிற்று. நிவாரணம் வந்தது, வேலை வரவில்லை. 2006இல் எமது ராத்தா பணிப்பெண்ணாக வளைகுடா நாடொன்றுக்குப் போனார். அங்கே 12 ஆண்டுகள் உழைத்தார். அவர் அனுப்பிய பணத்தில் சுவர்கள் எழுந்தன; நாம் பல்கலைக்கழகம் சென்று தமிழ் கற்றோம்; ஆசிரியரானோம். 2015இல், "வாப்பா சாஞ்சி இரிக்க நல்ல சோபா ஒண்டு வாங்குங்க" என்று தனியாகவும் பணம் அனுப்பினார். வாங்கினோம்.

பட்டம் பெற்ற எமது அறிவு அந்தச் சோபாவைக் கெடுத்த கதையை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். முதல் மாரியில் பூஞ்சணம் படர்ந்தது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவினோம். முற்றத்து வெயிலில் காயவைத்தோம். வெடிப்பு விழுந்ததும் தேங்காயெண்ணெய் பூசினோம். அடுத்த மாரியில் பூஞ்சணம் முன்னிலும் அதிகமாக வந்தது.

2018இல் ஊர் திரும்பிய ராத்தா அதனைத் தடவிப் பார்த்தார். "இஞ்ச பாரு தம்பி, இது தோலு, பலகையில்ல" என்றார். அவர் சொன்னவற்றைப் பின்னர் நூல்களிலும் படித்து உறுதி செய்தோம். பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, சவர்க்காரமோ காரம். ஆகவே ஒன்றை மற்றொன்று அரிக்கிறது. கடும் வெயில் தோலின் உள்ளே உள்ள கொழுப்பை வற்றச் செய்கிறது. வெடிப்பு அதன் விளைவு. தேங்காயெண்ணெய் ஊறிக் கறையாகி, நாளடைவில் சிக்கடித்து, பூஞ்சணத்துக்கே இரையாகிறது.

ராத்தா சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார், பின்புறம் காற்றோட வேண்டுமென்று. மழை ஓய்ந்த பகலில் நிழலில் வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டினார். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். உடனே உலர்ந்த துணியால் மறுமுறை. அந்தத் துணி, வாப்பா நெய்த பழைய சாரனின் துண்டு. பின்பு தோலுக்குரிய பசையை மெல்லிதாகத் தேய்த்தார். ஆண்டுக்கு இருமுறை போதுமாம். முதுகுப்புறம் உரிந்து வந்தது. அது தோலன்று, ரெக்சின், அதற்கு மருந்தில்லை. உடல் படும் இடத்தில் மட்டும் தோலை வைத்து வியாபாரி விற்றிருந்தான்!

இத்தனையும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். வேலை செய்த வீட்டில் மூன்று கூடங்களிலும் தோல் சோபாக்கள். சுபஹுக்கு முன்பே எழுந்து அவை அனைத்தையும் துடைக்க வேண்டும். ஒருநாளேனும் அவற்றில் அவர் அமர்ந்ததில்லை. துடைத்த கைகளை அன்றுதான் நாம் உற்றுப் பார்த்தோம். வெளிற்றும் திரவங்களில் ஊறி, விரல் இடுக்குகளெல்லாம் வெடித்திருந்தன. மாட்டின் தோலைக் காக்கப் பசை உண்டு; மனிதத் தோலைக் காக்க எவர் கவலைப்பட்டார்? வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் கூறியது. ராத்தாவின் காதுக்கு அது எட்டவேயில்லை.

அந்தத் தோலுக்குப் பின்னே வேறு கைகளும் உள்ளன. அக்காலத்தில் தமிழகத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். குரோமிய உப்பு வந்தபின் அவ்வேலை ஓரிரு நாளில் முடிகிறது. கழிவோ ஆற்றில் கலக்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாறு நஞ்சான வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பதனிட்ட தோல் தூய்மையானது என்பது எமது மார்க்கச் சட்டம். தோல் தூய்மையாகிவிட்டது, அதனைத் தூய்மையாக்கிய மனிதனையோ இந்தச் சமுதாயம் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கி வைத்தது!

நண்பரே, இது ஆடம்பரமா? 12 ஆண்டுக் கூலியில் எஞ்சிய ஒரு பகுதி. இப்போது வெள்ளிதோறும் நாமே அதனைத் துடைக்கின்றோம். ராத்தா இன்னமும் பாயில்தான் அமர்கிறார். வற்புறுத்தினால், "பழக்கமில்ல தம்பி" என்கிறார்.

எமது வகுப்பில் தாயின் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னோம். சில பிள்ளைகள் "வெளிநாடு" என்ற ஒரே சொல்லை எழுதித் தந்தார்கள். வெளிநாடு ஒரு தொழிலா? தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். அங்கே உம்மா என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது உறங்குகிறார் என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வரும்படி சொல்லியிருக்கின்றோம்.