கியர் கம்பியும் அப்பாவின் இடது தோளும்

ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் கார் வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்கள் நம் இளைஞர்களில் நிறைய பேர். ஓடாது. இன்ஜினுக்கு அதனால் ஒரு குதிரைச் சக்திகூடக் கூடுவதில்லை. கியர் மாற்றும்போது கை நகரும் தூரம் குறைகிறது, அவ்வளவுதான். பினாங்குப் பாலத்தில் வேக வரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர். வேலை முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து கிளம்பும் நேரத்தில் அதில் பாதியைத் தொட்டாலே அன்று அதிர்ஷ்டம். அங்கே கால் நொடி மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

அப்படியிருந்தும் எங்கள் வீராவில் ஒன்றைப் பொருத்தினேன். 2002இல் வாங்கிய 1.5 மெனுவல் கார் அது. பொருத்தியதற்குக் காரணம் அப்பாவின் தோள்.

அப்பா லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம் என்பார்கள். அவருக்கு இடது தோள் இறுகிவிட்டது. கையை முன்னால் நீட்டிவிடுவார். பக்கவாட்டில் வெளியே திருப்புவதுதான் சிரமம். இப்போது நம் கார்களை நினைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் இடது கைக்கு. முதல் கியர் இடப்பக்க மூலையில், முன்னால் இருக்கிறது. ஓட்டுநரின் உடம்பிலிருந்து அதுதான் அதிக எட்டத்தில் உள்ள கியர். நெரிசலிலும் சமிக்ஞை விளக்கிலும் மறுபடி மறுபடி போட வேண்டியதும் அதையேதான். ஜெலுத்தோங்கிலிருந்து தண்ணீர்மலை போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை என்று ஒரு வெள்ளிக்கிழமை எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மா சொன்னார். ஆட்டோ கார் வாங்கலாம் என்று நான் சொன்னேன். "ஆட்டோவுல என் இடது காலு சும்மா உட்கார்ந்துக்கிட்டு என்னடா பண்ணும்?" என்றார் அப்பா. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அவர் தலைமுறையை எனக்குத் தெரியும். பாலம் திறப்பதற்கு முன்பே, 1985 ஆகஸ்ட் 3ஆம் தேதி, அன்றைய பிரதமர் மகாதீர் கொடி கட்டிய சிவப்பு நிற புரோட்டோன் சாகாவில் அதன் மேல் ஓட்டிப் பார்த்ததை அப்பா இன்றும் பேசுவார். கார் ஓட்டுவது என்றாலே கியர் மாற்றுவது என்றிருந்த காலம் அது. இன்று டிஏ உரிமம் எடுத்தால் ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். புது மைவியில் மெனுவலே கிடையாது.

கியர் கம்பி ஒரு நெம்புகோல். கடப்பாரையால் கல்லைப் புரட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பியின் நடுவில் ஒரு உருண்டை இருக்கிறது. கம்பி அதன் மேல்தான் சாய்கிறது. உருண்டைக்கு மேலே நம் கை பிடிக்கும் குமிழ்; கீழ்முனையில் கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். எங்கள் காரில் மேலே சுமார் 30 சென்டிமீட்டர், கீழே 6. குமிழ் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் கீழ்முனை 2 சென்டிமீட்டர் நகரும். ஷார்ட் ஷிஃப்டரில் உருண்டைக்குக் கீழ் உள்ள பகுதி நீளம். அதை 8 ஆக்கினால் அதே 2 சென்டிமீட்டருக்குக் குமிழ் ஏழரை நகர்ந்தால் போதும். ஆனால் தூரத்தில் எதை மிச்சம் பிடித்தோமோ அதைப் பலத்தில் கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் கை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். கம்பியின் தலையை அறுத்துக் குட்டையாக்கும் பையன்களுக்கும் இதே கதைதான்.

என் சிக்கலும் இங்கேதான். தூரம் குறைந்தால் அப்பாவுக்கு நல்லது. பலம் கூடினால் கெடுதல்.

சாத்ரியா ஒன்றை விற்ற நண்பன், அதிலிருந்து கழற்றி வைத்திருந்த செட்டைக் கொடுத்தான். கேபிள் மாட்ட அதில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று உருண்டையிலிருந்து 7 சென்டிமீட்டரில், மற்றொன்று 8இல். எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பல வருடப் பழக்கமுள்ள போமனிடம் போனேன். அவர் செட்டைப் பார்க்கவே இல்லை. பழைய குமிழைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"தம்பி, இந்தக் காரை யாரு ஓட்டுறா?"

"நானும் அப்பாவும்ணே."

"அப்ப மொதல்ல புஷ்ஷ மாத்து. அப்புறம் இதப் பாப்போம்."

வீராவில் இரண்டு கேபிள்கள். ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றொன்று பக்கவாட்டுக்கு. அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும். இருபது வருட வெயிலில் அவை தேய்ந்து, புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. கம்பி தொளதொளவென்று ஆடியதில் பாதி இவற்றால்தான். கியர் தொலைவில் இருப்பதாக நமக்குத் தோன்றும். கையின் அசைவு புஷ்ஷிலேயே தீர்ந்துபோவதுதான் உண்மை. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஷார்ட் ஷிஃப்டருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் காரின் அடியில் குனிந்து இதைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஆன செலவு, இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் தொகை. கியர் எண்ணெயையும் மாற்றினோம். வடிந்தது காப்பி நிறத்தில் இருந்தது.

என்னிடம் ஒரு பைத்தியக்கார யோசனை இருந்தது. அப்பா மீன் நிறுக்கும் கைத்தராசைக் கொண்டு போயிருந்தேன். கொக்கியைக் குமிழில் மாட்டி, இன்ஜினை நிறுத்திய நிலையில் இரண்டாவது கியருக்கு இழுத்துப் பார்த்தேன். வேலை தொடங்கும் முன் ஐந்து முறை இழுத்ததில் சராசரி இரண்டரை கிலோ. புஷ், எண்ணெய், உருண்டைக்குப் புது கிரீஸ் எல்லாம் முடிந்ததும் 2.2. போமன் அண்ணன் சிரித்தார். பிறகு அவரே வாங்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அதன் பிறகுதான் செட். பொருத்துவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரம் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட வேண்டும். குமிழைத் திருகி எடுத்து, நடுப் பெட்டியைக் கழற்றினால் கம்பியின் அடித்தட்டு தெரியும். பழைய காரில் பிளாஸ்டிக் கவ்விகள் பிஸ்கட் போல் உடையும். எங்களுக்கு இரண்டு உடைந்தன. கேபிள் முனைகளின் பின்னைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, கம்பியை மாற்றி, உருண்டைக்குத் தாராளமாக கிரீஸ் தடவினோம். மூடுவதற்கு முன் இன்ஜின் ஓடாத நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் முழுமையாக விழுகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். பாதி விழுந்த கியர் ஏற்றத்தில் கழன்று குதிக்கும்.

முதலில் 8இல் மாட்டினோம், ஆசைக்கு. சுகமாகத்தான் இருந்தது, ரேஸ் கார் மாதிரி 'டக்' என்று விழுந்தது. தராசு 2.9 காட்டியது. போமன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கழற்றி 7இல் மாட்டினோம். தராசில் 2.6. குமிழின் பயணம் பத்திலிருந்து எட்டரை. அதாவது, அப்பா நேற்று வரை போட்டுவந்த பலத்தோடு கிட்டத்தட்ட அதே பலம், குறைந்த தூரத்துக்கு. புஷ்ஷிலும் எண்ணெயிலும் மிச்சமானதை இங்கே செலவழித்துக்கொண்டோம். பக்கவாட்டுத் தூரத்தை இந்தச் செட் மாற்றாது. அந்தப் பக்க ஆட்டம் புஷ்ஷிலேயே அடங்கிவிட்டது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோ என்ற பித்தளை வளையங்கள் இருக்கின்றன. இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் உரசிச் சமமாக்கிய பிறகே கியரை உள்ளே விடும். அதற்குக் கண் இமைக்கும் நேரம் தேவை. கம்பி குட்டையானதும் கைக்குத் திமிர் வந்து அந்த நேரத்தைக் கொடுக்காமல் குத்தினால், தேய்வது வளையம். ஒருநாள் இரண்டாவது கியர் கரகரக்கும். அன்று கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். செபராங் பிறைப் பக்கம் பாதி வெட்டிய ஜப்பான் கார்கள் விற்கும் கடைகளில் வேறொன்று தேடி அலைய வேண்டும்.

அப்பாவிடம் முன்கூட்டி எதையும் விளக்கவில்லை. சனிக்கிழமை காலை சாவியைக் கொடுத்தேன். ரெலாவ் தாண்டி ஜாலான் துன் சார்டோனில் ஏறினார். மலையைச் சுற்றி பாலிக் பூலாவ் இறங்கும் அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு இரண்டு, மூன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதுபோல் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பழக்கத்தில் இரண்டு இடங்களில் கை குமிழைத் தாண்டிப் போனது. மூன்றாவது வளைவிலிருந்து சரியாகிவிட்டது.

பாலிக் பூலாவில் லக்சா வரும்வரை பேசவில்லை. பிறகு, "ஒண்ணாவது பக்கத்துல வந்துருச்சு" என்றார். "யாரு செஞ்சது, போமனா?"

"ரெண்டு பேரும்பா."

"ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கு. புஷ் புதுசுல்ல, பழகிரும்."

திரும்பும்போதும் அவரே ஓட்டினார்.